இருபத்தொரு புள்ளி வாசல்

தேரடிக்குப் பின்னால் இருக்கும் குறுகலான கடை முடுக்கில் கருத்தம்மாளுக்கு இரண்டு வேலை. விடியுமுன் வந்து ஒன்பது கடை வாசலையும் கூட்டி, தண்ணீர் தெளித்து, கோலம் போடுவாள். பிறகு சக்ரபாணியின் பால்கோவா கடைக்கும் ஜாஸ்மினின் தையல் கடைக்கும் நடுவில் இருந்த சந்தில் உட்கார்ந்து பூ விற்பாள். ஒரு கூடையும் ஒரு ஆளும் கொள்கிற இடம். எந்தப் பத்திரத்திலும் அதற்குப் பெயர் கிடையாது. இருபத்தாறு வருஷமாக அவள் வயிற்றுக்கு வழி செய்தது அந்தச் சந்துதான்.

கோலத்தில்தான் எத்தனை ராவடி! கோலம் கடையின் முழு அகலத்துக்கும் இருக்க வேண்டும், பக்கத்து வாசலில் ஒரு புள்ளிகூட ஏறக் கூடாது. ஏறினால் லட்சுமி அந்தப் பக்கம் போய்விடுவாளாம். சக்ரபாணி தினமும் குனிந்து எண்ணுவார். நல்ல மனுஷர்தான், ஆனால் புள்ளி என்று வந்துவிட்டால் கோர்ட்டுக்கே போகிற ஆள்.

"ஏட்டி, இருபத்தொண்ணு இருக்கா? ஒண்ணு கொறஞ்சாலும் அழிச்சுப் போடணும், ஆமா."

போன மாசியில் முடுக்கு எரிந்தது. மத்தியானம் பிடித்த தீ, ராஜபாளையத்திலிருந்தும் தீயணைப்பு வண்டி வந்து அணைப்பதற்குள் ஒன்பது கடையையும் தின்றுவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை, அதுவே பெரிய புண்ணியம். எங்கே பிடித்தது என்பதை இன்றைக்கும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.

திரும்பக் கட்டுவதற்குக் கடைக்காரர்கள் கூடியபோதுதான் வம்பு. கடைகளைப் பிரித்த பலகைத் தடுப்பெல்லாம் சாம்பல். சர்வேயர் கையில் இருந்த காகிதத்தில் மொத்த நீளம் மட்டுமே இருந்தது. கையை ஓங்கிக்கொண்டு நின்றவர்களைப் பார்த்து ஜாஸ்மின்தான் கத்தினாள்.

"ஏன் அடிச்சுக்கிறீய? கருத்தம்மாக்காளுக்குத் தெரியாத எல்லையா?"

கருத்தம்மாள் சாம்பலைக் கூட்டினாள், தண்ணீர் தெளித்தாள், மேற்குக் கோடியிலிருந்து ஆரம்பித்தாள். விரித்த கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட அகலம்தான் புள்ளிக்குப் புள்ளி அவள் அளவு. ஒவ்வொரு கடையாக வந்து ஜாஸ்மினுக்குப் பதிமூன்று வைத்தாள். அடுத்தது சந்து. கை நின்றது. அங்கே புள்ளி வைத்தால், தனக்காகக் கணக்கைத் திரித்தாள் என்பார்கள். ஒன்பது கடைக் கணக்கும் கெடும். வைக்காவிட்டால் சந்து போச்சு. ஐந்து புள்ளி நீளத்தை விரலால் மட்டும் அளந்து, வெறுமனே விட்டுவிட்டு, சக்ரபாணிக்கு இருபத்தொன்றை வைத்தாள்.

கடைசிக் கடையின் கடைசிப் புள்ளி கிழக்குக் கோடி மூலைக்கல்லில் பிசகாமல் விழுந்தது. மொத்த நீளம் சரியாக வந்துவிடவே சர்வேயர் டேப்பை மடக்கிவிட்டார்.

"நடுவுல இந்த இடம் யாருக்கும்மா?"

அவள் கையில் ஒட்டியிருந்த கோலப்பொடியைத் தட்டினாள்.

"என் கடையை ஒட்டித்தான கெடக்கு, என்னதுல சேத்துருங்க" என்றார் சக்ரபாணி.

ஜாஸ்மின் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "அண்ணாச்சி, ஒம்ம இருபத்தொண்ணு அக்கா சொல்லித்தான வந்துச்சு? அவிய ஒக்காந்த இடம் மட்டும் மறந்துபோச்சாக்கும்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சர்வேயரும் கிளம்பினார்.

மறுநாள் கொத்தனார் கயிறு கட்டுமுன் கருத்தம்மாள் வந்தாள். எங்கே இறக்குவது என்று தெரியாமல் கூடையை இடுப்பிலேயே வைத்திருந்தாள். சந்தில் ஒரு கோலம் கிடந்தது. கோலமா அது! கோழி கிளறியது போல இருந்தது. பக்கத்தில் சக்ரபாணி, வேட்டியெல்லாம் கோலப்பொடி.

அவள் பழக்கத்தில் எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். கடைசிப் புள்ளி அவருடைய வாசலில் ஏறியிருந்தது.

"மொதலாளி, அஞ்சுதான். ஆறு வச்சிருக்கீய."

"எனக்கு எண்ணத் தெரியாதாக்கும்? கூடைய எறக்கு."