செபஸ்தியான் வெட்டி ஒட்டிய என் முகம்

சங்ககிரி லாரி ஆபீசில் ஒரு டிரைவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. "எடிட்டர் செபஸ்தியான் தவறிட்டாருங்க. சாயங்காலம் அடக்கம்" என்றது சேலத்துக் குரல். எந்தச் செபஸ்தியான் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்து ஒரே ஒரு செபஸ்தியான்தான். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்னும் விளங்கவில்லை.

நம் சேலம் ஸ்டூடியோவில் அவரோடு வேலை பார்த்த பழைய நண்பர்களே, உங்களுக்கு அவரைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எடுத்த படத்தையெல்லாம் வெட்டி ஒட்டிக் கதையாக்குகிறவர். ஜெபமாலை போலக் கழுத்தில் எப்போதும் பிலிம் தொங்கும். நான் அப்போது சின்னச் சின்ன வேடங்களில் தலைகாட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பழக்கமே சண்டையில்தான் தொடங்கியது.

ஐம்பதுகளின் நடுவில், மகன் இறந்த செய்தியைக் கேட்கும் அப்பா வேடம் எனக்குக் கிடைத்தது. கிளிசரின் போட்டு, தரையில் புரண்டு, ஒரு பகல் முழுக்க அழுது தீர்த்தேன். சொந்தபந்தங்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் பார்த்தால், அந்த அழுகையில் ஒரு பொட்டுகூடத் திரையில் இல்லை. வாசலில் தந்திக்காரன் நிற்கிறான். அடுத்து என் முகம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான். நடிக்கச் சொல்வதற்கு முன், சாப்பாடு வந்துவிட்டதா என்று நான் எட்டிப் பார்த்த முகம் அது! கேமரா ஓடத் தொடங்கியிருந்தது எனக்குத் தெரியாது. கொட்டகையோ விம்மிக்கொண்டிருந்தது. அதே பிலிம் துண்டின் மிச்சத்தை மகள் கல்யாணக் காட்சியிலும் ஒட்டியிருந்தார் மனிதர். அதற்குப் பக்கத்து இருக்கை அம்மாள், "பெத்தவனுக்கு எத்தனை பூரிப்பு பாருங்க" என்றார்.

மறுநாள் எடிட்டிங் அறைக்குள் ஆத்திரத்தோடு நுழைந்தேன். "நான் அழுததையெல்லாம் எங்கீங்க கொண்டுபோய்க் கொட்டுனீங்க?"

"நீங்க அழுதா சனங்க உங்களை வேடிக்கை பாப்பாங்க. நீங்க சும்மா இருந்தா அவங்க அழுவாங்க. பக்கத்துல என்னத்த ஒட்டறமோ, அதுதாங்க மூஞ்சி."

"அப்ப நான் நடிகனா, இல்லீங்களா?"

சிரித்தார். "டீ குடிச்சிட்டு வாரேன், சொல்றேன்" என்று எழுந்து போனார்.

அந்த டீயை அவர் குடித்து முடிக்கவே இல்லை. நான் நடிப்பை விட்டு லாரி ஆபீசுக்கு வந்த பிறகும், சேலம் போகும்போதெல்லாம் கேட்பேன். அதே பதில்தான். அவருக்கு அது விளையாட்டு. எனக்கு நடிப்பு வரவில்லையோ என்ற பயத்தில்தான் நான் அந்தத் தொழிலையே விட்டேன். அவர் வாயால் ஒரு வார்த்தை வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் மாதா கோவிலில் அவர் சவப்பெட்டியருகே நின்றேன். அழுகை வரவில்லை. மேலே மின்விசிறி ஏன் சுற்றவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவி என்னைப் பார்த்து, "அண்ணன் எப்படி ஒடைஞ்சு போய் நிக்கறாரு பாருங்க" என்று கதறினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெட்டியையும் என் முகத்தையும் அந்த அம்மா சேர்த்துப் பார்த்ததால்தான் அப்படித் தெரிந்ததா? எனக்கு உண்மையிலேயே துக்கம் இருந்ததா?

திரும்பும் பஸ்ஸில் மகுடஞ்சாவடியில் ஏறிய ஒரு விவசாயி என் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்பின் தெரியாதவர். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க சாமி, ஊட்ல ஏதாச்சும் கெட்டதுங்களா?"

"ஆமாங்க" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை பீறிட்டுவிட்டது.

அங்கே பெட்டி இல்லை, தந்திக்காரன் இல்லை, பக்கத்தில் ஒட்ட ஒரு துண்டும் இல்லை. என் முகம் மட்டும்தான் இருந்தது. செபஸ்தியான், நான் நடிகனா என்று இனி யாரையும் கேட்கமாட்டேன். உங்கள் 'வாரேன், சொல்றேன்' மட்டும் என்னிடம் இருக்கட்டும்.