சித்திரை ஒன்றுக்கு இரண்டு படங்கள்

எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் எழுத்து தெரியாது. ஆலைக்குக் கரும்பு அனுப்பும் சீட்டில் அப்பா கைநாட்டு வைப்பார். அம்மா பஸ்ஸின் நிறத்தைப் பார்த்து ஏறுவாள். நான் முதன்முதலாக நாலு பேர் முன்னால் குரலெடுத்துப் படித்தது பாடப் புத்தகத்தை அல்ல, செய்தித்தாளில் வந்த சினிமா விளம்பரத்தை.

மோகனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊரெல்லையில் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, டூரிங் கொட்டகை நடத்திவந்தார். தென்னங்கீற்றுக் கூரை, மணல் தரை, ஒரே ஒரு மிசின். ரீல் தீர்ந்தால் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்டுவார்கள். அதுவரை ஜனங்கள் நடந்த கதையைப் பேசிக்கொண்டிருக்கும். தன் பங்கு நிலத்தில் பாதியை விற்று அவர் வாங்கிய மிசின் அது.

பங்குனி பிறந்துவிட்டால் கொட்டகையில் வேறு பேச்சே இருக்காது. சித்திரை ஒன்றாம் தேதி சேலத்தில் என்னென்ன படம் வெளியாகிறது, எது நூறு நாள் ஓடும், எது ஒரே வாரத்தில் பெட்டிக்குள் போகும் என்று ஆளாளுக்குச் சோசியம். பள்ளிக்கூடம் விட்டதும் நான் பாவாடை தாவணியும் பைக்கட்டுமாக நேரே கொட்டகைக்குப் போவேன். மத்தியான பஸ்ஸில் வந்த பேப்பரை யாரும் பிரிக்காமல் எனக்காக மடித்து வைத்திருப்பார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

மிசின் ஓட்டுகிற ஆப்பரேட்டருக்குத் தனிக் கணக்கு. படப்பெட்டி எவ்வளவு கனம் என்பதுதான் அவருக்கு எல்லாம்.

"பதினெட்டு ரீலு இருந்தாப் போதுமுங்க, கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம். பதினாலு ரீலுப் படமெல்லாம் பத்தியச் சோறாட்டம். சனம் பசியோட எந்திரிச்சுப் போகும்" என்பார்.

டிக்கெட் கிழிக்கும் மாமா சண்டைகளை எண்ணுவார். பெரியப்பா எதையும் எண்ண மாட்டார். எல்லோரும் பேசி முடித்த பிறகு என்னைப் பார்த்து, "நீ என்ன சொல்றே சாமி?" என்பார். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் சொன்னவற்றை எழுதி வைத்திருந்தேன். பாதிக்கு மேல் பலித்திருந்தது. அந்தப் பக்கத்தை வகுப்பில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறேன்.

நான் பத்தாவது படித்த வருஷம் கொட்டகைக்கு நேரம் சரியில்லை. நாமக்கல்லில் நல்ல தியேட்டர்கள் வந்துவிட்டன. பஸ் ஏறிப் போய் நாற்காலியில் சாய்ந்து படம் பார்ப்பவர்கள் மணலில் உட்கார வருவார்களா? ஆத்தூரிலிருந்து ஒருவர் வந்து மிசினைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆடிக் கடைசியில் கொட்டகையின் லைசென்சு முடிகிறது. ஆடிப் பதினெட்டுக்குக் காவிரியில் குளிக்க வரும் கூட்டம் கொட்டகைக்குள் வந்தால் லைசென்சைப் புதுப்பிப்பது, வராவிட்டால் ஆத்தூர்க்காரருக்கு மிசினைக் கொடுத்துவிட்டு அப்பாவோடு கரும்புக்கு மண் அணைக்கப் போவது என்று பெரியப்பா முடிவு செய்திருந்தார்.

ஆகவே ஆடிக்கு எந்தப் படம் என்பதில்தான் எல்லாம் இருந்தது. சேலத்தில் படம் கொடுக்கும் ஆபீசில் ஒரு வசதி உண்டு. வெளியாவதற்கு முன்பே பேசி வைத்தால், டவுன் தியேட்டரில் ஓடி முடிந்ததும் முதல் பெட்டி நமக்கு. ஓடிய பிறகு கேட்டால் வரிசையில் நிற்க வேண்டும். ஒரு படம்தான் பேச முடியும்.

அந்தச் சித்திரைக்கு இரண்டு படங்கள். ஒன்று பெரிய படம். பெரிய நடிகர், கலர், குதிரை, மலையுச்சியில் சண்டை. பேப்பரில் முழுப் பக்கம். இன்னொன்று சின்னப் படம். கறுப்பு வெள்ளை, முகம் தெரியாத ஆட்கள், உள்ளங்கை அளவு விளம்பரம். அதில் ஒரு பெண்ணின் முகம் மட்டும் இருந்தது. சிரிப்பை நடுவில் நிறுத்திவிட்ட மாதிரி ஒரு முகம்.

கொட்டகையில் அத்தனை பேரும் பெரிய படம் என்றார்கள். நான் சின்னப் படம் என்றேன். காரணம் இருந்தது. சின்னவெங்காயம் களை எடுக்கிற காட்டில் அந்தப் படத்துப் பாட்டைப் பெண்கள் பங்குனியிலேயே பாடிக்கொண்டிருந்தார்கள். ரேடியோவில் நாலைந்து தடவைதான் போட்டிருப்பார்கள். அதற்குள் ஒருத்தி முதல் வரியைப் பாட, அடுத்த சாலில் இருந்தவள் இரண்டாம் வரியை எடுத்தாள். பெரிய படத்துப் பாட்டை ஒருத்தியும் பாடவில்லை.

"களையெடுக்கறவ பாடறதக் கேட்டுப் படம் புடிக்கறதா? அப்பறம் எருமை கத்தறதக் கேட்டு மழை வருமான்னு சொல்லுவயாட்ட இருக்குது" என்றார் டிக்கெட் மாமா.

"சண்டையே இல்லாத படத்துக்கு எவனுங்க வருவான்? நானே தூங்கிப்போயிருவேன், அப்பறம் ரீலு மாத்தறது யாரு?" என்றார் ஆப்பரேட்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. "மாரியாத்தாகிட்டப் பூக் கேட்டுப்போடலாம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டவும் பெண் கொடுக்கவும் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டணம், சிவப்புப் பூ ஒரு பொட்டணம், இரண்டையும் இலையில் ஒன்றுபோலக் கட்டி ஆத்தா முன்னால் வைப்பது. சின்னக் குழந்தை ஒன்று எடுக்கிற பொட்டணத்தில் இருப்பதுதான் ஆத்தாவின் வாக்கு. எடுக்காத பொட்டணத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள், அப்படியே கிணற்றில் போட்டுவிடுவார்கள். பொட்டணம் கட்டுவது கல்யாணமாகாத பெண். அந்த முறை நான்.

வெள்ளை பெரிய படத்துக்கு, சிவப்பு சின்னப் படத்துக்கு என்று பேச்சு. நான் நந்தியாவட்டையைப் பறித்துக் காட்டினேன், செவ்வரளியையும் பறித்துக் காட்டினேன். கோயிலுக்குப் பின்னால் போய் இரண்டு பொட்டணத்திலும் செவ்வரளியை வைத்துக் கட்டினேன். எனக்குத் தெரியும், இவர்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான் அப்போது என் மனதில் இருந்தது. பூசாரி வீட்டுக் குழந்தை ஒன்றை எடுத்தது. சிவப்பு. பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு மறுநாளே சேலம் போய்ச் சின்னப் படத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

படங்கள் வெளியான நாலாம் நாள், ஆபீசில் கையெழுத்துப் போடப் பெரியப்பா என்னையும் கூட்டிப்போனார். கையெழுத்து என்றால் நான் படித்துச் சொல்ல, அவர் கைநாட்டு வைக்க. நான் சேலம் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பெரிய படம் ஓடிய தியேட்டர் தெருவுக்குள் பஸ்ஸே நுழைய முடியவில்லை. எங்கள் ஊர்த் தேருக்குக்கூட அத்தனை பேரை நான் பார்த்ததில்லை. ஆள் மேல் ஆள் ஏறி, தோள்மேலேயே தவழ்ந்து டிக்கெட் ஜன்னலுக்குப் போனார்கள். தியேட்டர் முகப்பில் மூன்று மாடி உயரத்துக்கு நடிகரின் படம். அதன் கால் கட்டை விரல் என் தலையளவு இருந்தது. கதவு திறந்தபோது எழுந்த சத்தம் என் பாதம் வழியாக ஏறியது. இத்தனை பேரை ஒரே நாளில் ஒரே வாசலுக்கு இழுக்கிற அது என்ன என்று வாய் திறந்து நின்றேன். பிறகுதான் உறைத்தது. இந்தக் கூட்டத்தை ஆடிக்கு நம் ஊருக்கு வர விடாமல் நான் ஒருத்தி தடுத்திருக்கிறேன்.

அஸ்தம்பட்டிப் பக்கம் இருந்த ஆபீசில் மேலாளர் நல்ல மனுஷர். காகிதத்தை நீட்டவே இல்லை.

"கவுண்டரே, சின்னப் படத்துக்கு நேத்து சாயந்தரம் பாதி சீட் காலி. உங்க நல்லதுக்குச் சொல்றேன். பெரிய படத்துக்கு உங்க பக்கம் இன்னும் யாரும் பேசல. ஆறு மணி வரைக்கும் இருப்பேன், மாத்தி எழுதிக்குங்க."

"இல்லீங்க. ஆத்தா சொல்லீட்டா. அவ சொன்னதுக்கு மேல நான் ஒண்ணு பண்ண முடியாதுங்க" என்றார் பெரியப்பா.

அவர் முகத்தில் கவலை இருந்தது, ஆனால் சந்தேகம் இல்லை. பிழைக்க ஒரு வழி காட்டுகிறார்கள். நான் கட்டிய பொட்டணத்தை நம்பி அதை வேண்டாம் என்கிறார். மேலாளர் வேறு வழியில்லாமல் காகிதத்தை நகர்த்தினார். கைநாட்டு வைக்கப் பெரியப்பா விரலை நீட்டியபோது, "பெரியப்பா, வெளிய வாங்க" என்று எழுந்துவிட்டேன்.

வாசல் வேப்பமரத்தடியில் சொன்னேன். இரண்டிலும் செவ்வரளிதான் என்று. அடிப்பார் என்று நினைத்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். திரும்ப எடுத்து உதறினார்.

"ஏஞ்சாமி அப்படிப் பண்ணுனே?"

"அந்தப் படந்தான் ஓடுமுன்னு தெரியுமுங்க."

"தெரியுமா, நெனச்சயா?"

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "செரி, வா. படத்தையே பாத்துப்போடலாம். ஆறு மணிக்குத்தான் இன்னும் நேரங்கெடக்குதே" என்றார்.

மேட்னி. பாதிக்கும் குறைவான கூட்டம். ஆண்கள் பக்கம் ஏழெட்டுப் பேர், அதில் இரண்டு பேர் தூக்கம். பெண்கள் பக்கம் மட்டும் நாலு வரிசை நிறைந்திருந்தது. தறிக்காரர் வீட்டுப் பெண்கள், மாதா கோயில் பக்கத்திலிருந்து முக்காடு போட்டு வந்த இரண்டு பேர், மடியில் குழந்தையோடு ஒருத்தி.

படத்தில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஒரு பெண் வேலைக்குப் போகிறாள், வீட்டைத் தாங்குகிறாள், அவளுக்கு வரவேண்டியது அவளுக்கு வரவில்லை. ஆனால் என்னைச் சுற்றி நடந்தது வேறு. களைக்காட்டில் கேட்ட அந்தப் பாட்டு வந்தபோது நாலு வரிசையும் ஒன்றாக மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. அழுத குழந்தையைப் பின் வரிசைக்காரி கேட்காமலேயே கை நீட்டி வாங்கிக்கொண்டாள். தாய் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தெருவில் கேட்ட பெரிய சத்தத்துக்கு நான் பயந்தேன் என்றால், இந்தச் சத்தமின்மைக்கு அதைவிட அதிகமாகப் பயந்தேன். படம் முடிந்து விளக்கு வந்தது. ஒருத்தியும் எழவில்லை. வாசல்காரர் வந்து, "கிளம்புங்கம்மா, கிளம்புங்க" என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

வெளியே முக்காடு போட்டவள் தன்னோடு வந்தவளிடம் சொல்லிக்கொண்டு போனாள்: "எங்க மாமியார நாளைக்குக் கூட்டியாரணும்டி. அது பாக்கட்டும்."

பெரியப்பா அதைக் கேட்டார். கடிகாரக் கடைக்கு முன்னால் நின்று என்னிடம் மணி கேட்டார். ஐந்தரை.

"இப்பச் சொல்லு. ஆத்தா ஒண்ணும் சொல்லல. அப்ப நீதான் சொல்லோணும்."

பெருமையாகச் சொல்ல எத்தனை நாள் காத்திருந்த இடம் அது. ஆனால் அவர் பாதி நிலமும், மிசினும், நாற்பது வயதுக்கு மேல் மண்வெட்டியைத் தூக்க வேண்டிய கைகளும் எனக்கு முன்னால் நின்றன. "இந்தப் படந்தானுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. நேரே ஆபீசுக்குப் போய், மேலாளர் தலையில் அடித்துக்கொள்ள, சின்னப் படத்துக் காகிதத்தில் பெருவிரலை அழுத்தினார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனுஷர், பதினைந்து வயதுப் பெண்ணின் வாய்ச்சொல்லில் தன் பிழைப்பை வைத்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கிறது.

திரும்பும் வழியில் பஸ் புதுச்சத்திரம் தாண்டியதும் ஒன்றே ஒன்று சொன்னார். "நீ பண்ணுனத ஆத்தாகிட்ட நீயே போய்ச் சொல்லிப்போடு. ஊருக்குள்ள சொல்ல வேண்டாம். நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். சித்திரை முழுக்க ஊரே அவரைக் கேலி செய்தது. "மாரியாத்தாளுக்கு மழை தெரியும், அம்மை தெரியும், சினிமா தெரியாதுங்க" என்று ஆப்பரேட்டர்கூடச் சொன்னார். பெரியப்பா என் பக்கம் திரும்பாமல் பீடியைப் பற்றவைப்பார்.

வெள்ளிக்கிழமை தோறும் நான் பேப்பர் படித்தேன். மூன்றாம் வாரம் பெரிய படத்தின் முழுப் பக்கம் அரைப் பக்கமானது. ஆறாம் வாரம் அதைத் தேட வேண்டியிருந்தது. சின்னப் படத்தின் விளம்பரம் உள்ளங்கையிலிருந்து முழங்கை நீளத்துக்கு வளர்ந்தது. "தாய்க்குலத்தின் பேராதரவுடன் எட்டாவது வாரம்" என்று நான் படித்த அன்று டிக்கெட் மாமா, "இன்னொருக்காப் படி கண்ணு" என்றார். நூறாவது நாளும் வந்தது. ஆத்தா வாக்கு என்று ஊரெல்லாம் பேச்சு. மறுக்க எனக்கு நாக்குத் துடித்தது. பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துச் சும்மா இருந்தேன்.

ஆடிப் பதினெட்டு அன்று காலை பஸ் மேல் பெட்டி வந்தது. சாயந்தர ஆட்டத்துக்கு நாலு மணியிலிருந்தே ஆற்றிலிருந்து ஈரத் தலையோடு பெண்கள் வந்தார்கள். மூட்டைச் சோற்றோடு, குழந்தைகளோடு, வண்டி வண்டியாக. கொட்டகை நிறைந்த பிறகும் வந்தார்கள். பெரியப்பா பக்கத்துத் தட்டிகளைக் கழற்றச் சொன்னார். வெளியே மணலிலும் உட்கார்ந்தார்கள். அதுவும் போதாமல் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் படத்தில் எல்லோரும் இடது கையால் சாப்பிடுவார்கள். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

கூட்டம் வராது என்ற நம்பிக்கையில் ஆத்தூர்க்காரர் அன்றைக்கே ஒரு வேனோடு வந்திருந்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவர் மிசின் அறைக்கு வருவதற்குள் மூன்று ரீல் ஓடிவிட்டது.

"ஏனுங்க, மிசினு குடுக்கறதாப் பேச்சு."

"அது வேலையா இருக்குதுங்க" என்றார் பெரியப்பா. "நீங்க உக்காந்து படம் பாருங்க. பின்னால எடங்கெடக்குது."

நான் திரையின் ஓரத்தில் நின்றிருந்தேன். ஒரு கண்ணுக்கு முன்பக்கத்து முகங்கள், மறு கண்ணுக்குப் பின்பக்கத்து முகங்கள். திரையில் அந்தப் பெண்ணின் முகம் மாறும்போதெல்லாம் இரண்டு பக்கத்து ஆயிரம் முகங்களிலும் வெளிச்சம் ஒன்றுபோல மாறியது. ஆத்தூர்க்காரர் ஒரு கிழவிக்குப் பக்கத்தில் மணலில் துண்டை விரித்துக்கொண்டிருந்தார்.