குச்சிக்கிழங்குத் தண்ணீருக்கு நான் போட்ட வேலி

இரண்டாவது உலகச் சண்டை நடந்த காலம். கப்பல் வராமல் வெளிநாட்டு ஜவ்வரிசி நின்றுபோயிருந்தது. ஓமலூருக்குப் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யத் தனியாளாக மண்சுவர் வைத்துக் கொட்டகை போட்டேன். தகரத்தில் ஆணியால் பொத்தல் போட்டு, மர உருளையில் சுற்றி, மரவள்ளி எனும் குச்சிக்கிழங்கு அரைக்கும் எந்திரமும் செய்தேன். துணித் தொட்டிலில் மாவைக் குலுக்கி மணியாக உருட்டும் பக்குவமும் என் கைக்கு வந்தது. கிறுக்கன் என்று சிரித்தவர்களே பிறகு வேலை கேட்டு வந்தார்கள். எனக்குப் படிப்பு, கையெழுத்துப் போடுகிற அளவுதான்.

மாவு அலசிய தண்ணீர் கொட்டகைக்குப் பின்னால் ஒரு குழியில் போய் நிற்கும். நாற்றம் தாங்கவில்லை, கொட்டகையை எடுக்க வேண்டும் என்று பஞ்சாயத்துக் கூட்ட ஏற்பாடு செய்தார் அடுத்த புன்செய்க் காட்டுக்கார அம்மாள். கணவரை இழந்தவர். ஒரு ஜோடி எருதுதான் அவருக்குப் பிழைப்பு.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில், அந்தக் குழித் தண்ணீரைக் குடித்த என் வெள்ளாடு கண்ணெதிரே விறைத்துச் செத்தது. பார்த்தவன் நான் ஒருவன்தான். நாற்றத்துக்குச் சமாதானம் சொல்லலாம். விஷத்துக்கு என்ன சொல்வது? குழியை மூட முள் வெட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாளின் எருதுகள் நேராகக் குழியைப் பார்த்து வந்தன. வறட்சி, அவர் கிணறு வற்றியிருந்தது.

என் மண்டைக்குள் இரண்டு பேர் எழுந்தார்கள். ஒருவன் கெட்டிக்கார வக்கீல். ‘உன்னைக் கெடுக்க நினைப்பவரின் மாடு. நீயா ஓட்டி வந்தாய்? பேசாமல் இரு’ என்றான். அவன் சொன்ன எதிலும் தப்புத் தெரியவில்லை. இன்னொருவனுக்குப் பேச்சே வராது, வயிற்றைப் பிசைந்தான். நான் தீர்ப்புச் சொல்வதற்குள் என் கால்கள் ஓடிவிட்டன.

கயிற்றைப் பிடித்து எருதுகளைத் திருப்பினேன். வக்கீல் விடவில்லை. ‘மாடு பிழைத்துவிட்டது, காரணத்தை மட்டும் சொல்லாதே.’ அதுவும் நியாயமாகப் பட்டது.

பின்னாலேயே வந்த அம்மாளிடம், “இது என்ற இடமுங்க, ஓட்டிட்டுப் போங்க” என்றேன்.

“ஏனப்பா, வாயில்லாச் சீவனுக்குத் தண்ணி இல்லீங்கற! நீ சோறுதான் திங்கறயா? இரு, நீ சந்தைக்குப் போனதும் ஓட்டியாந்து குடிக்க வெக்கறேன்.”

வக்கீலைத் தள்ளிவிட்டு நானே சொன்னேன்.

“வேண்டாமுங்கக்கா. அது விசமுங்க. காலையில என்ற ஆடு செத்துப்போச்சுங்க.”

அவர் எருதுகளின் வாயை முந்தானையால் துடைத்துப் பார்த்தார். ஈரமில்லை. “ஏஞ்சாமி, இதையே நான் நாளைக்கு நாலு பேர் முன்னால சொன்னா உன்ற பொழப்பு என்னாகும்?” என்றார். நான் முள் வெட்டத் திரும்பிப் போனேன்.

மறுநாள் பஞ்சாயத்தில் அந்த அம்மாள் ஒன்று விடாமல் சொன்னார். கொட்டகை போச்சு என்றே நினைத்தேன். கடைசியில், “இவன் மறைச்சிருந்தா என்ற எருது போயிருக்கும். கொட்டகை இருக்கட்டும், குழிக்கு வேலி போடட்டும்” என்று முடித்தார். தன் காட்டு வேலியிலிருந்து கிளுவைக் குச்சியும் வெட்டிக் கொடுத்தார். நட்ட குச்சியெல்லாம் துளிர்த்தது.

இன்றைக்கும் எனக்குச் சாதகமான காரணம் ஏதாவது சரளமாக மனதில் ஓடினால், வயிறு என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன். பிறகு எங்கள் பக்கம் கொட்டகை போட்டவர்கள் என் குழியைப் பார்த்துத்தான் வேலி வைத்தார்கள். ஜவ்வரிசிக் கதை எழுதுகிறவர்கள் எந்திரக்காரர்களை மட்டும் எழுதுகிறார்கள். முதல் வேலி போட்டவன் நான், குச்சி கொடுத்தவர் அந்த அம்மாள். இரண்டு பேரையும் சேர்த்தே எழுத வேண்டும்.