எந்த நெட்வொர்க் என்று அவன் கேட்கவில்லை

லோஷினி மலேசியாவின் மாசாய் நகரில் அடுக்குமாடி வீடொன்றில் வளர்ந்தவள். அப்பா சபாபதி பாசிர் கூடாங் எண்ணெய் ஆலையில் முப்பது வருடம் ஷிப்ட் வேலை பார்த்தவர். மகளுக்கு ஜொகூர் பாருவில் ஏர்கான் போட்ட அலுவலகத்தில் வேலை என்பதில் அவருக்கு ஏகப் பெருமை. என்ன வேலை என்று யாராவது கேட்டால் மட்டும் "கம்ப்யூட்டர்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

மற்ற நிறுவனங்களின் சர்வர்களைக் கிளவுடில் வைத்துப் பராமரிப்பது அவள் அலுவலகத்தின் தொழில். அந்த சர்வர்கள் ஒன்றையொன்று பெயர் சொல்லித்தான் தேடும். இந்தப் பெயருக்கு எந்த எண் முகவரி என்று கேட்டால், ஒரு பெயர்ப் பட்டியல் பதில் தரும். பதில் வராமல் போகும்போது ஏன் என்று கண்டுபிடிப்பது லோஷினியின் வேலை. பொறுமை வேண்டிய வேலை. அவளுக்குப் பொறுமை இருந்தது.

ரூபேந்திரன் உலு திராம் ஊர்க்காரன். அதே குழுவில் அவளுக்கு மூத்தவன். மூன்று வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, ஒரே சாப்பாட்டுக் கடையில் மதியச் சோறு சாப்பிட்டார்கள். பிறகு ஒருநாள் அவன் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். அவளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, டயாலிசிஸ் மையங்களை நடத்தும் வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து அழைப்பு வந்தது. ஒன்பது மையங்களிலும் நோயாளிகளின் விவரம் திரையில் வரவில்லை. யாருக்கு எவ்வளவு நீர் எடுக்க வேண்டும், என்ன மருந்து என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. தாதியர் மருத்துவர்களுக்குப் போன் போட்டுக் கேட்டு, ஒவ்வொரு நோயாளிக்காக ஊசி போட ஆரம்பித்திருந்தார்கள்.

லோஷினி உட்கார்ந்து பார்த்தாள். எண் முகவரியை நேரடியாகக் கொடுத்தால் தகவல் சர்வர் பதில் சொன்னது. பெயரைக் கொடுத்தால், அப்படி ஒரு பெயரே இல்லை என்று வந்தது. பெயர்ப் பட்டியல் ரூபேந்திரனின் கட்டுப்பாட்டில் இருந்த தலைமைக் கணக்கில் இருந்தது. அதைத் திறந்து பார்க்க அவளுக்கு அனுமதி இல்லை. அன்று அவன் வீட்டிலிருந்து வேலை செய்தான். எட்டு மணிக்கு அவனை அழைத்தாள்.

"பட்டியல் பக்கம் நான் பார்த்துட்டேன். எல்லாம் ஓகே. நீ மத்தத பாரு," என்றான் அவன்.

அவள் மற்றதைப் பார்த்தாள். கேள்விகளைக் கடத்திவிடும் சர்வரைப் பார்த்தாள், எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்ற ஃபயர்வால் விதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்பதரைக்கு மறுபடி கேட்டாள். பதினொன்றுக்கு இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் அதே பதில். மூன்றாவது முறை அவன் குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. கல்யாண வேலையில் களைத்திருப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பதினொன்றரைக்கு எல்லாரும் மரியாதையாகப் புவான் என்று அழைக்கும் மேலாளர் நோராயினியிடம் போய், தலைமைக் கணக்கைப் பார்க்க மட்டும் தற்காலிக அனுமதி கேட்டாள். ரூபேந்திரன் மேல் சந்தேகப்பட்டு அல்ல. வேறு பார்க்க எதுவும் மிச்சமில்லை.

பெயர்ப் பட்டியலில் எல்லாப் பெயர்களும் இருந்தன. ஆனால் அந்தப் பட்டியல் மூன்று மெய்நிகர் நெட்வொர்க்குகளோடு இணைந்திருக்க வேண்டும், இரண்டுதான் இருந்தன. டயாலிசிஸ் மையங்களின் நெட்வொர்க்கைக் காணோம். ஞாயிற்றுக்கிழமை மையங்கள் மூடியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. திங்கள் விடியற்காலையில் சர்வர்கள் புதிதாக எழுந்து பெயரைக் கேட்டபோதுதான் பதில் இல்லாமல் போயிருக்கிறது.

அவள் அவனை அழைத்தாள். "ஒரு இணைப்பு இல்ல. திருப்பிப் போட்டுடுங்க," என்று மட்டும் சொன்னாள்.

"ம்," என்றான். எந்த நெட்வொர்க் என்று அவன் கேட்கவில்லை. இரண்டு நிமிடத்தில் ஒன்பது மையங்களும் வேலை செய்தன.

லோஷினி அதற்குப் பிறகுதான் மாற்றங்களின் பதிவைத் திறந்தாள். சனிக்கிழமை மாலை நான்கு பன்னிரண்டுக்கு, ரூபேந்திரனின் கணக்கிலிருந்து அந்த இணைப்பு நீக்கப்பட்டிருந்தது. அந்த நேரம் அவள் அம்மாவோடு கூறைப்புடவை பார்த்துக்கொண்டிருந்தாள். பழையதையெல்லாம் கொஞ்சம் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவன் கடைக்கு வெளியே காரில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான்.

தவறு செய்ததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வேலையில் தவறு செய்யாதவர் கிடையாது. காலையிலிருந்து அவனுக்குத் தெரியும், தெரிந்தே அவளைத் தேடவிட்டிருக்கிறான் என்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

மதியம் அவன் அலுவலகத்துக்கு வந்ததும் கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்து சொன்னாள்: "புவான்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

அவன் தலையாட்டினான். அவள் கையை ஒருமுறை பிடித்து அழுத்தினான்.

மூன்று மணிக்குக் கூட்டம். புவான் நோராயினி முதலில் சொன்னது வேறு செய்தி. மாசாய் மையத்தில் அங்கம்மா என்ற வயதான பெண்மணியை, விவரம் திரையில் வராததால், நாளைக்கு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் மூச்சுத் திணறி, இப்போது மருத்துவமனையில் இருக்கிறார். ரூபேந்திரனின் முகம் வெளிறியது. என்ன நடந்தது என்று புவான் கேட்டபோது, வெள்ளிக்கிழமை லோஷினி ஃபயர்வாலில் ஒரு விதியை மாற்றினாள், அதனால் இருக்கலாம் என்று அவன் சொன்னான். சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை.

ஃபயர்வால் தடுத்திருந்தால் பதிலே வந்திருக்காது. பெயர் இல்லை என்று பதில் வந்ததே, அதற்கு ஃபயர்வால் காரணமாக முடியாது. இதை மூன்று வருடத்துக்கு முன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.

அப்படியா என்று புவான் அவளைக் கேட்டார். லோஷினி மடிக்கணினியைத் திருப்பி, பதிவின் அந்த வரியைக் காட்டினாள்.

தவறுக்காக அல்ல, மறைத்ததற்காக அவனை வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள். அங்கம்மா எட்டு நாள் கழித்து வீடு திரும்பினார்.

லோஷினி கல்யாணத்தை நிறுத்தவில்லை. அவன் வருவான், ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். இரண்டு வாரம் கழித்து அவன் அம்மா செல்லம்தான் போன் பண்ணினார். "கட்டிக்கப்போறவன் வேலைக்கே ஒல வச்சிட்டியேம்மா. ஒன்ன நம்பி எப்படி வீட்டுக்குள்ள கூப்பிடுறது?"

சபாபதிகூட அன்று மகளிடம், கொஞ்சம் மறைத்திருக்கலாமே என்றார். அவள் அப்பாவோடு சண்டை போடவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தை வந்து போனது. சித்திரையில் ஒரு மாலை, வேலை முடிந்து வீட்டின் கீழே காரை நிறுத்தும்போது சிங்கப்பூர் எண்ணிலிருந்து அழைப்பு. ரூபேந்திரன். அங்கே வேலை கிடைத்துவிட்டதாம். நலம் விசாரித்தான்.

"நான் பயந்துட்டேன், லோஷினி."

"தெரியும்."

"நீ என்கிட்ட தனியா கேட்டிருக்கலாம் லா."

அவன் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நம்புகிறான் என்று குரலில் தெரிந்தது. மூன்று முறை கேட்டேனே என்று சொல்ல நினைத்தாள், சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

ரொம்ப நேரமாகியும் மகள் மேலே வராததால் சபாபதி இறங்கி வந்தார். கார்க் கதவைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"அவனா?"

அவள் தலையசைத்தாள். அவர் சுற்றிவந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். ஷிப்ட் முடிந்த மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்துகொண்டிருந்தன. அவள் அழுது முடிக்கும்வரை அவர் அங்கேயே இருந்தார்.