ஃபயர் லைனில் சருகு கொட்டியவர்கள்

ஃபோனைத் திறந்தாலே எங்கோ காட்டுத் தீ வீடியோ.

எங்கள் வாசல் வரைக்கும் ஒரு தடவை வந்திருக்கிறது.

குலசேகரம் பக்கம். எங்கள் பக்கமெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த காலம். எனக்குக் கல்யாணமான புதுசு.

ரப்பர் எஸ்டேட் ஓரத்தில் வரிசையாக ஓலை வீடுகள். மலைப்பக்கக் கடைசி வீடு எங்களுடையது.

மரங்களுக்கும் வீடுகளுக்கும் நடுவே எஸ்டேட்காரர்கள் ஓர் இடத்தைச் செதுக்கி வெறும் தரையாக விட்டிருந்தார்கள். அதுதான் ஃபயர் லைன். தீ வந்தால் எரிய ஒன்றுமில்லாமல் அங்கேயே அணைந்துவிடும்.

எங்கள் கண்ணுக்கு அது குப்பை கொட்ட நல்ல இடமாகத் தெரிந்தது.

மாசியில் ரப்பர் இலை கொட்டித் தீராது. காலையில் முற்றம் பெருக்காதவளை எங்கள் வரிசையில் மதிக்கமாட்டார்கள். பெருக்கிய சருகெல்லாம் ஃபயர் லைனுக்குப் போனது. கூரை மாற்றியபோது இறக்கிய பழைய ஓலையும் அங்கேதான். (அவ்வளவு சுத்தம் நாங்கள்.)

ஒரு மத்தியானம் மலையிலிருந்து தீ இறங்கியது. ஃபயர் லைனில் நிற்கவில்லை. நாங்கள் பரப்பி வைத்த சருகில் ஏறி நேராக எங்களைப் பார்த்து வந்தது.

ஆண்கள் பச்சைக் கொப்பு ஒடித்து அடித்தார்கள். காற்று விடவில்லை.

பக்கத்து வீட்டு தாசண்ணன் ஓடிவந்து என் மாமியாரிடம் சொன்னார்: "அக்கா, ஒங்க கூரையில பிடிச்சா வரிச மொத்தமும் போச்சு. பிரிச்சிரட்டா?"

முந்தின வாரம்தான் மேய்ந்த கூரை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமி ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

"பிரிலே. கேட்டுக்கிட்டு நிக்கான்."

பிறகு என்னிடம்: "ஏட்டி, பொறவு அழலாம். ஓலைய இழுத்து அந்தப் பக்கம் போடு."

"எந்தப் பக்கம் மாமி?"

"தீ இல்லாத பக்கம். வேற எந்தப் பக்கம்?"

கூரை போனபின் பொறியெல்லாம் வீட்டுக்குள் விழுந்தது. மண்தரையில் விழுந்து தானாக அணைந்தது. சருகு எரிந்து தீர்ந்ததும் தீயும் அடங்கியது. வரிசை தப்பியது.

எங்கள் ஓலைதான் கிழிந்து மிதிபட்டு ஒன்றுக்கும் ஆகவில்லை. புது ஓலை வாங்க அந்த வருஷம் வழியில்லை.

மறுநாள் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் கூரையிலிருந்து கொஞ்சம் ஓலை உருவி எடுத்துக்கொண்டு வந்தார்கள். மாமி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்கினார்.

"நல்லதுதான் தருதியளா, இல்ல ஓட்டையா?"

வைகாசி பாதியில் இடவப்பாதி மழை பிடித்தது. வரிசையில் ஒரு வீடு பாக்கியில்லாமல் ஒழுகியது. எங்கள் வீடும்தான். நான் சட்டி பானையெல்லாம் வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டே முணுமுணுத்தேன்.

மாமி நனையாத மூலையில் உட்கார்ந்தபடி சொன்னார்:

"ஊரெல்லாம் ஒழுகும்போ நமக்கு மட்டும் ஒழுகாம இருந்தா நல்லாவாட்டி இருக்கும்?"