மலர்க்கொடி உடைத்த முதல் கப்

போன ஞாயிற்றுக்கிழமை மலர்க்கொடி செத்துப்போனாள். திரையில்தான். பக்கத்து நாற்காலியில் முறுக்கு கடித்தபடி அவளும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் விருத்தாசலத்தில் நடந்த ஒரு விஷயத்தை வைத்து ஓர் இளம்பெண் குறும்படம் எடுத்திருந்தார். கல்யாண மண்டபத்தில் போட்டுக் காட்டினார். முடிந்ததும் மலர்க்கொடி நேராக அவரிடம் போனாள்.

"ஏம்மா, என்னைய எதுக்கு சாவடிச்சீங்க?"

"சோகமா முடிஞ்சாதாங்க மனசுல நிக்கும்."

"நான் உசுரோட நிக்கிறது பத்தலயா?"

டைரக்டர் பாவம், சிரித்து வைத்தார். படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடந்தது வேறு. கூட இருந்தவள் நான்... சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருஷம் முன்பு நான் ஒரு பீங்கான் கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்த்தேன். மலர்க்கொடியும் சாந்தியும் அங்கே கப் செய்யும் பிரிவில். மலர்க்கொடிக்குப் புருஷன் இல்லை. கட்டிக்கொடுத்த மகள் ஒருத்தி மட்டும். திடீரென்று மார்பில் கட்டி. புற்றுநோய் என்றார்கள்.

ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டை இருந்தது. புதுச்சேரிக்குப் போய்வர, தங்க, வேலைக்குப் போகாத மாதங்களில் சாப்பிட? யாராவது பணம் நீட்டினால் வாங்க மாட்டாள். அப்படி ஒரு ரோஷம்.

சாந்திதான் யோசனை சொன்னாள். மலர்க்கொடிக்குத் தெரியாமல், விரிசல் விட்டுக் கழித்துப்போட்ட கப்புகளை முதலாளியிடம் கேட்டு வாங்கினோம். எங்கள் ஊர்ப் பாலக்கரைப் பக்கம் ஒரு காலி மனை. பின்னால் சுவர். முன்னால் ஒரு மேஜை, அதில் ஓர் அட்டை: 'ஒரு கப் பத்து ரூபாய். வீட்டுக்கு எடுத்துப் போக அல்ல. உடைக்க. பணம் ஒரு தொழிலாளியின் வைத்தியத்துக்கு.'

காலையிலிருந்து ஒருவரும் வரவில்லை. "காசு குடுத்து அபசகுனத்த வாங்குவாங்களா?" என்று கேட்டுவிட்டு ஓர் அம்மா நடையைக் கட்டினார். எனக்கு முகம் சுண்டிப்போனது.

பதினொரு மணிக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது... மலர்க்கொடி. யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

"என் வியாதிய வெச்சு கடை போட்டிருக்கீங்களா? நான் கேட்டனா உங்கள?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவ. அதான் கேக்கல," என்றாள் சாந்தி.

 மலர்க்கொடி எங்களையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை வருஷப் பழக்கம் இதோடு சரி என்று நினைத்தேன்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பத்து ரூபாய்த் தாளை மேஜையில் வைத்தாள்.

"ஒண்ணு குடு. டாக்டரு சொன்ன நாள்லேர்ந்து நான் ஒருவாட்டி கூட கத்தல."

வீசினாள். கூடவே ஒரு கத்தல். சுவரில் பட்டுச் சிதறிய சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. இன்னொன்று கேட்டாள். இன்னொன்று. ஐந்தாவது கப்பில் மூச்சு வாங்க அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் ஒரு தெளிவு.

எதிர் டீக்கடையிலிருந்து ஒரு பஸ் கண்டக்டர் எழுந்து வந்தார். "எனக்கு ரெண்டு குடுங்கக்கா. ஒண்ணு மச்சானுக்கு." இரண்டாவது யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. அபசகுனம் என்று சொன்ன அம்மாவும் திரும்பி வந்தார் — மருமகளோடு. இருவரும் தனித்தனியாக வாங்கி உடைத்தார்கள். சாயங்காலத்துக்குள் ஒரு கப் மிச்சமில்லை.

எனக்கு அன்றைக்குப் புரிந்தது இதுதான். கொடுப்பதற்கு யாரும் அஞ்சுவதில்லை. கொடுக்கும்போது எங்கே பார்ப்பது என்றுதான் தெரிவதில்லை. வாங்குகிறவருக்கும் அதே கஷ்டம். நடுவில் உடைக்க ஒரு கப் இருந்தால்? இரண்டு பேருக்கும் நிம்மதி.

ஆபரேஷன், அப்புறம் மாதக்கணக்கில் மருந்து. முடி கொட்டி, மறுபடி முளைத்தது. மருந்தெல்லாம் முடிந்து எடுத்த பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் ரிப்போர்ட்டை ரொம்ப நேரம் புரட்டினார். 

"எல்லாம் கிளியர்மா. இனிமே ஒரு வருஷம் கழிச்சு இதே தேதிக்கு வந்தா போதும்."

"ஒரு வாரம் தள்ளிக் குடுங்க சார். அன்னிக்கு எங்க வூட்ல பேத்திக்குக் காதுகுத்து இருக்குது."

அடுத்த வருஷத்துத் தேதிக்கு அவள் பேரம் பேசியபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.