இடது பக்கம் திரும்பாத வண்டி

என் அத்தான் காசிமிர் பரன் கொஞ்சம் மோசமான மெக்கானிக்காக இருந்திருந்தால், டன்மோர் மோட்டார் கம்பெனியின் ஃபேக்டரி இன்னும் சில வருஷம் உயிரோடு இருந்திருக்கும். சிரிப்பு வருகிறதா? எனக்கும் வரும், கூடவே வயிறும் எரியும். அவர் ஸ்பேனரோடு நின்ற இடத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாயோடு நின்றவன் நான்.

டெட்ராய்ட்டில் டன்மோரின் தலைமை அலுவலகத்துக்கு அடியில் ஒரு கராஜ் இருந்தது. வெளியே பனி கொட்டினாலும் உள்ளே கதகதப்பாக இருக்கும். கம்பெனியின் பெரிய தலைகள் காலையில் காரை அங்கே விட்டுவிட்டு லிஃப்டில் மேலே போவார்கள். சாயங்காலம் இறங்கி வரும்போது கார் கழுவித் துடைத்து, பெட்ரோல் நிரப்பி, பழுது பார்த்துத் தயாராக நிற்கும். கழுவுவது நான். பழுது பார்ப்பது அத்தான். காசிமிர் என்று முழுசாகக் கூப்பிட யாருக்கும் பொறுமை இல்லாததால் அவர் எல்லோருக்கும் காஸ். பெரிய தலைகளின் காரில் இருக்கும் எந்தக் குறையும் அவர்கள் கண்ணில் படக்கூடாது, காதிலும் விழக்கூடாது. இதுதான் அங்கே சட்டம்.

"காலைல இருமுற வண்டி சாயங்காலம் பாடணும் மச்சான்" என்பார் அத்தான். பாடியது. அதுதான் வினை.

எழுபத்தெட்டில் டன்மோர் கார்லைல் என்று ஒரு கார் வந்தது. பார்க்க லட்சணமாக இருக்கும். இடது பக்கம் திருப்பினால் மட்டும் நின்றுவிடும். கார்பரேட்டரில் பெட்ரோல் ஒரு ஓரமாக ஒதுங்கிப்போய் இன்ஜின் விக்கிக்கொண்டு அடங்கிவிடும். அதுவும் எதிரே லாரி வரும் நேரமாகப் பார்த்து, நடுரோட்டில்.

போலந்துக்காரர்கள் நிறைந்த எங்கள் ஹாம்ட்ராமிக்கில் வீட்டுக்கு ஒருவர் டன்மோர் ஃபேக்டரியில் இருந்தோம். எல்லோரும் ஊழியர் தள்ளுபடியில் கார்லைல் வாங்கியிருந்தோம். ஆகவே ஊரே இடது பக்கம் திரும்புவதை விட்டுவிட்டது. இடப்பக்கம் இருக்கும் ரொட்டிக் கடைக்குப் போக மூன்று தடவை வலப்பக்கம் திரும்பினோம். சாவு ஊர்வலம்கூடக் கல்லறைத் தோட்டத்தை வலமாகச் சுற்றித்தான் உள்ளே போகும். வெளியூர்க்காரர் ஒருவர் இதைப் போலந்துக்காரர்களின் சடங்கு என்று நினைத்து, தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி நின்றிருந்தார்.

முணுமுணுக்காமல் இல்லை. ஆனால் வீட்டுக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டோம். நாமே செய்த காரை நாமே திட்டினால் எப்படி? தொழிற்சங்கப் பிக்னிக்கில், எங்கள் பிழைப்பில் மண்ணைப் போட வந்தது என்று ஒரு பழைய ஜப்பான் காரை நிறுத்தி, ஒரு டாலருக்கு ஒரு அடி என்று சம்மட்டியைக் கையில் கொடுப்பார்கள். அத்தானைக் கட்டிக்கொண்ட என் அக்கா வாண்டா, கார்லைலுக்குக் கதவு மாட்டுகிறவள், விடாமல் அடித்தாள். "எவ்ளோ அடிச்சாலும் நசுங்க மாட்டேங்குதே சனியன்" என்று தோளைத் தேய்த்துக்கொண்டு வந்து பியரோகிக் கொழுக்கட்டை சாப்பிட உட்கார்ந்தாள்.

அவளிடம் எப்படி அத்தான் உண்மையைச் சொல்வார்? அந்தக் கார்பரேட்டரோடு மல்லுக்கட்டிப் பார்த்து அவர் தோற்றிருந்தார். அதன் அமைப்பே கோணல், ஸ்பேனரால் நிமிர்த்த முடியாது. பெரிய தலைகளோ இடது பக்கம் திரும்பித்தான் வீடு போய்ச் சேர வேண்டும். கடைசியில் ஆற்றைக் கடந்து கனடாப் பக்கம் போய் ஜப்பான் கார்பரேட்டர்களை வாங்கி வந்தார். அடித்தட்டை ராவிப் பொருத்தி, ஒவ்வொரு துணைத் தலைவரின் காரிலும் ஒன்றை மாட்டி, மேலே டன்மோர் மூடியைப் போட்டு மறைத்தார். எங்கள் மேலாளர் "நான் எதையும் பாக்கலப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் காப்பி குடித்தார்.

எண்பதாம் வருஷக் குளிர்காலத்தில் கார்லைல் விற்பனை படுத்துவிட்டது. இப்படியே போனால் வசந்தத்தில் ஃபேக்டரியை மூடிவிடுவார்கள் என்று பேச்சு வந்தது. வாண்டா ஏப்ரானைக் கழற்றாமலே சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவளுக்குக் கதவு மாட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. எங்கள் தெருவிலும் யாருக்கும் வேறு வேலை தெரியாது.

அதே வாரம் துணைத் தலைவர் தோர்ன்டன் விட்லாக் கராஜுக்குச் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு எனக்கும் ஒரு பன்றித் தொடை கொடுத்தவர்.

"காஸ், மேல இன்ஜினியருங்க ஒரே புலம்பல்ப்பா. கார்பரேட்டர மாத்தணுமாம், காசு வேணுமாம். நான் ஒத்த வார்த்தையில முடிச்சிட்டேன்."

"என்னன்னு சார்?"

"ரெண்டு வருஷமா கார்லைல்தான் ஓட்டுறேன். ஒரு நாள் நின்னதில்ல. ஜனங்களுக்கு ஓட்டத் தெரியல, பழிய வண்டி மேல போடுறாங்க. அவ்ளோதான்!"

அன்று ராச்சாப்பாட்டில் அத்தான் எல்லாவற்றையும் வாண்டாவிடம் கக்கிவிட்டார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எத்தன வண்டியில மாட்டியிருக்க?"

"எல்லாத்துலயும்."

"அட பாவி மனுஷா! நான் மூணு தெரு சுத்தி வேலைக்குப் போறேன், அந்தாளு ஜப்பான்காரன் சாமான வெச்சு ஜம்முனு திரும்புறானா? நீ அவன் வண்டிய ரிப்பேர் பண்ணல காஸ். அவன் கண்ணக் கட்டி விட்டிருக்க."

"என் வேலைய நல்லாத்தானே செஞ்சேன் வாண்டா?"

"ரொம்ப நல்லா செஞ்ச! நாளைக்கே அதப் புடுங்கிட்டு நம்ம சாமான மாட்டு. நடுரோட்டுல நிக்கட்டும். நின்னாத்தான் புத்தி வரும்."

"என் கைய விட்டுப் போன வண்டி இதுவரைக்கும் நின்னதில்ல" என்றார் அத்தான் பரிதாபமாக.

"அக்கா வேலை பெருசா, ஒங்க பேரு பெருசா அத்தான்?" என்று நானும் என் பங்குக்கு ஏற்றிவிட்டேன்.

மறுநாள் அவர் விட்லாக்கின் காரில் கம்பெனியின் சொந்தக் கார்பரேட்டரை மாட்டினார். சொந்தப் பிள்ளையைத் தொலைத்துவிட்டு வரப் போகிறவர் மாதிரி மூடியைத் தடவிவிட்டு மூடினார். சாயங்காலம் விட்லாக் உட்வர்ட் சாலையில் இடது பக்கம் திருப்பினார். கார் நின்றது. பஸ் டிரைவர்கள் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். கம்பெனித் துணைத் தலைவர் பளபளக்கும் ஷூவோடு பனியில் இறங்கி, காரைத் தள்ள ஆள் தேடினார்.

காலையில் லிஃப்ட் பக்கமே போகாமல் நேரே எங்களிடம் வந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதோ, ஃபேக்டரி பிழைத்தது என்று நினைத்தேன்.

"என்னப்பா பண்ணித் தொலச்ச என் வண்டிய?"

"ஒண்ணும் பண்ணல சார். நம்ம கம்பெனி கார்பரேட்டரத்தான் மாட்டினேன்."

"நம்ம கார்பரேட்டரா?" விட்லாக் குரல் கீச்சென்று ஏறியது. "என் வண்டியில நம்ம சாமான மாட்டச் சொன்னது யாரு?"

அத்தான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "சார், கடையில வாங்குற எல்லா வண்டியிலயும் அதுதான் சார் இருக்கு" என்றார்.

விட்லாக் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், நெற்றி சுருங்கியதை நான் பார்த்தேன். "ஓஹோ" என்று தலையாட்டிவிட்டு மேலே போனார். நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

மேலே போய் அவர் இயக்குநர்களிடம் சொன்னது இதுதான்: "வண்டி நிக்குதுன்னு சொல்றது நெசம்தான். என் வண்டியே நின்னுச்சு. காரணத்தையும் கண்டுபுடிச்சிட்டேன். அது வரைக்கும் ஒழுங்கா ஓடுன வண்டி, ஒரு மெக்கானிக் கை வெச்சதும் நின்னு போச்சு. தப்பு வண்டியில இல்ல, மெக்கானிக்குங்க கிட்ட!"

எல்லோரும் மேஜையைத் தட்டிப் பாராட்டினார்களாம். நாடு முழுக்க மெக்கானிக்குகளுக்கு வகுப்பு நடத்த உத்தரவு போனது. கார்பரேட்டருக்கு ஒரு சல்லிக்காசு ஒதுக்கவில்லை. தப்பை நேர்மையாக ஒத்துக்கொண்ட ஆள் என்று அத்தானுக்குச் சம்பள உயர்வு கொடுத்தார்கள். ஏப்ரலில் ஃபேக்டரியை மூடுவதாகவும் அறிவித்தார்கள். அன்று முழுக்க அத்தான் வாண்டாவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "என்னத் திட்டு, ஏதாவது சொல்லு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

கடைசி கார்லைலை விட்லாக் தன் கையால் ஓட்டி வெளியே கொண்டுவருவார், பத்திரிகைக்காரர்கள் படம் எடுப்பார்கள் என்று ஏற்பாடு. அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அத்தானையும் என்னையும் ஃபேக்டரிக்கு அனுப்பினார்கள், காரைத் "தயார் செய்ய". அதற்கு என்ன அர்த்தம் என்று கராஜில் எல்லோருக்கும் தெரியும். அத்தான் மூடியைத் திறந்தார். துணியில் சுற்றிக் கொண்டுவந்த ஜப்பான் கார்பரேட்டரைக் கையில் எடுத்தார். அந்தக் காருக்கு வாண்டா மாட்டிய கதவை ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்தார். சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது.

"மாட்டலயா அத்தான்?"

"இல்ல மச்சான். அவரு பேப்பர்காரங்க முன்னாடி ஒரு தடவ பாக்கட்டும். என் வேலை போனாப் போவுது."

கார்பரேட்டரை மறுபடி துணியில் சுற்றினார். எனக்கும் பயம்தான், பெருமையும்தான்.

ஃபேக்டரி வாசலில் இருந்து சாலைக்கு வர இடது பக்கம் திரும்பியாக வேண்டும். இரண்டு பக்கமும் வேலை போனவர்கள் நின்றிருந்தார்கள். பேண்டு வாசித்தது. விட்லாக் கையசைத்துக்கொண்டே வந்தார், திருப்பினார். இன்ஜின் விக்கியது, அடங்கியது. கார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

அப்புறம் நடந்ததை அத்தான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் ஜனத்துக்குக் கார்லைல் நின்றால் என்ன செய்வது என்று கை தானாகவே பழகியிருந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வாண்டா முதல் ஆளாகப் போய்ப் பின்பக்கம் கை வைத்தாள். அவளோடு நின்றவர்கள் எல்லோரும் வைத்தார்கள். "தள்ளு, தள்ளு" என்று காரைச் சாலைக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். பேண்டு சத்தத்தில் இன்ஜின் சத்தம் இல்லாதது யாருக்குத் தெரியும்? கேமராக்கள் மின்னின. விட்லாக் உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, கண் கலங்கி, திரும்பித் திரும்பிக் கையாட்டினார்.

சாலை முனையில் கண்ணாடியை இறக்கிப் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்: "பாத்தீங்களா? எவ்ளோ பாசம்! என்ன வுட மனசில்லாம வண்டிய அவங்களே தள்ளிட்டு வர்றாங்க. இப்பிடிப்பட்ட ஜனங்க செஞ்ச வண்டி ஏன்தான் விக்கலன்னு எனக்கு இன்னும் புரியல."

வாண்டா காரிலிருந்து கையை எடுக்காமலே அத்தானைத் திரும்பிப் பார்த்தாள். விழாவுக்காகப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, ஒன்றும் செய்யத் தோன்றாமல், அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற காஸ்?" என்று கத்தினாள். "வந்து தள்ளு. அந்தாளுக்கு வண்டி நின்னதே தெரியல."

அத்தான் ஓடிப்போய் அவள் பக்கத்தில் கை வைத்தார்.